சுசீந்திரம் கோயிலுக்கு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அந்த நண்பர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் போனிலேயே பயணத் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். சாமி கும்பிட வருகிறவர்களையும் சிற்பம் பார்க்க வருகிறவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சுசீந்திரம் எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து 6, 7 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து 13 கிலோமீட்டர் போல. பழையாற்றுப் பாலத்தை நெருங்கும்போதே வெள்ளைக் கோபுரம் தெரிந்துவிடும்.

நாகர்கோவிலில் இரண்டு பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. வெளியூர் பஸ்கள் வடசேரியில் வந்து நிற்கும். மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் ஸ்டாண்டில் இருந்து உள்ளூர் பஸ்கள் கிளம்பும். அங்கே போய் கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறி, 'சுசீந்திரம்' என்று டிக்கெட் கேட்டால் போதும். ரயிலில் வருகிறவர்கள் கோட்டாரில் உள்ள நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். விமானத்தில் என்றால் திருவனந்தபுரம்தான் பக்கம்.

கன்னியாகுமரி போகிற வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். டூர் வண்டிகளின் கணக்கே வேறு. விடியற்காலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், டிபன், படகில் விவேகானந்தர் பாறை. அதன்பின் 'போகிற வழியில் சுசீந்திரம்'. வண்டி வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். நடை சாத்தப் போகிறார்கள் என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கூட்டமாக உள்ளே ஓடி, தூணில் ஒரு தட்டு, அனுமாருக்கு ஒரு கும்பிடு, வெளியே வந்து ஒரு இளநீர். அவ்வளவுதான் சுசீந்திரம்.

இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் மெதுவாக நடந்தால்தான் கண்ணில் படும். தூண்கள் மட்டும் 1035 இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு பிராகாரத்தையாவது அவசரமில்லாமல் சுற்றி வர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், கன்னியாகுமரியைக் காலையில் முடித்துவிட்டு, மதியம் நாகர்கோவிலில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, சாயங்காலம் சுசீந்திரத்துக்கு மட்டும் தனியாக வாருங்கள்.

நடை எப்போது திறந்திருக்கும்?

அதிகாலையில் திறந்து மதியம் 12 மணிக்குள் சாத்திவிடுவார்கள். மறுபடி மாலை 5 மணிவாக்கில் திறந்து, இரவு எட்டு, எட்டரைக்குள் முடிந்துவிடும். திருவிழா நாட்களில் இது மாறும். மதியம் ஒரு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை எப்போதும் காணலாம்.

சாமி கும்பிட மட்டும் என்றால் அதிகாலை. கூட்டம் இருக்காது, கல்தரையும் குளிர்ச்சியாக இருக்கும். சிற்பம் பார்க்க என்றால் மாலையில் நடை திறந்த கையோடு உள்ளே போய்விடுங்கள். அப்போது பகல் வெளிச்சம் கொஞ்சம் மீதி இருக்கும், விளக்குகளும் ஏற்றத் தொடங்கியிருப்பார்கள். உச்சி வெயிலில் வெளியில் இருந்து வருகிற கண்ணுக்கு உள்ளே எல்லாம் இருட்டுத்தான்.

ஆண்கள் சட்டையைக் கழற்றத்தான் வேண்டுமா?

ஆமாம். சட்டையும் பனியனும். இந்த மாவட்டம் பல நூற்றாண்டுகள் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் இதே முறைதான். கழற்றிய சட்டையைச் சிலர் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், சிலர் தோளில் போட்டுக்கொள்வார்கள். போனும் பர்ஸும் சட்டைப் பையில் இருந்தால் அதைச் சுருட்டும்போது கீழே விழும், முதலிலேயே பேண்ட் பைக்கு மாற்றிவிடுங்கள். வேட்டி கட்டி வந்தால் இன்னும் வசதி. அரை டிரவுசர் வேண்டாம்.

பெண்களுக்குச் சேலை, சுடிதார், பாவாடை தாவணி எதுவும் சரி.

மூலவர் யார்? சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா?

இரண்டும்தான், கூடவே பிரம்மாவும். தாணு என்றால் சிவன், மால் என்றால் திருமால், அயன் என்றால் பிரம்மா. மூவரும் ஒரே லிங்க வடிவில் இருப்பதாக ஐதீகம்.

அத்திரி முனிவரின் மனைவி அனுசூயாவின் கற்பைச் சோதிக்க மும்மூர்த்திகளும் பிச்சைக்காரர்களாக வந்தார்களாம். ஆடையில்லாமல் வந்து பரிமாற வேண்டும் என்று கேட்டார்களாம். அவள் கணவன் கால் கழுவிய நீரை அவர்கள்மேல் தெளிக்க, மூன்று பேரும் கைக்குழந்தைகளாகிப் போனார்கள். அப்புறம் என்ன, குழந்தைகளுக்குச் சோறூட்டித் தூங்க வைத்தாள். மனைவிமார் மூவரும் தேடி வந்து கெஞ்சிய பிறகுதான் பழைய உருவம் கிடைத்தது. அந்த மூவரும் இங்கே ஒன்றாகக் குடியிருக்கிறார்கள் என்பது தலபுராணம்.

உள்ளே முக்கியமான சன்னிதிகள் இரண்டு. தாணுமாலயன் இருப்பதை வடக்கேடம் என்றும், பெருமாள் இருப்பதைத் தெக்கேடம் என்றும் சொல்வார்கள். பெருமாளை இங்கே திருவேங்கட விண்ணவரம் எம்பெருமான் என்று அழைப்பது வழக்கம். அறம் வளர்த்த நாயகி என்று அம்மனுக்கும் தனிச் சன்னிதி உண்டு. மாசி மாதம் அவளுக்குத் திருக்கல்யாணம் நடக்கும். வரிசையில் நிற்கும்போது இரண்டு சன்னிதிகளையும் பார்த்துவிட்டீர்களா என்று கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கும்பிட்டுவிட்டு 'முடிந்தது' என்று வெளியே வருகிறவர்கள் நிறைய.

இரவில் இந்திரன் வந்து பூஜை செய்கிறான் என்கிறார்களே?

அகலிகை விஷயத்தில் கௌதம முனிவரிடம் சாபம் வாங்கிய இந்திரன் இங்கே வந்து தூய்மை பெற்றான் என்பது இந்த ஊரின் இன்னொரு கதை. அதனால் அர்த்தஜாம பூஜையை அவனே வந்து செய்வதாக நம்பிக்கை. நடை சாத்தும் முன் பூஜைக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வருவார்கள் என்றும், இரவு நடை அடைத்த பூசாரியே மறுநாள் காலையில் திறக்க மாட்டார் என்றும், 'அகம் கண்டதைப் புறம் கூறேன்' என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள் என்றும் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். உண்மையா என்று பூசாரியிடம் கேட்காதீர்கள். சத்தியம் செய்தவர் எப்படிச் சொல்வார்?

இசைத்தூண்கள் உண்மையிலேயே பாடுமா? எப்படி வேலை செய்கின்றன?

பாடாது, ஆனால் ஒலிக்கும். அலங்கார மண்டபத்தில் நான்கு பெரிய தூண் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 18 அடி உயரத்துக்கு ஒரே கல்லில் செதுக்கியது. ஒரு கல்லைக் குடைந்து, நடுவில் தடித்த தண்டும் சுற்றிலும் மெல்லிய சிறு தூண்களுமாக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு தொகுதிகளில் 33 சிறு தூண்கள் வீதம், மற்ற இரண்டில் 25 வீதம்.

இந்தச் சிறு தூண்களின் அடியும் நுனியும் மூலக்கல்லோடு ஒட்டியே இருக்கின்றன. நடுப்பகுதி மட்டும் காற்றில் நிற்கிறது. அதனால் தட்டினால் அதிர்கிறது. நீண்டு மெலிந்த தண்டு தாழ்ந்த சுரம் கொடுக்கும், குட்டையாகத் தடித்தது உயர்ந்த சுரம் கொடுக்கும். கல்லுக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் நாதம் செத்துவிடும். ஆகவே சிற்பி உளியை எடுக்கும் முன்பே மலையில் நல்ல கல்லைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒரு தண்டு உடைந்தால் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது, மொத்தத் தொகுதியும் வீண். எனக்கு அந்தச் சத்தத்தைவிட அந்தத் துணிச்சல்தான் பெரிய ஆச்சரியம்.

சிதார், மிருதங்கம், ஜலதரங்கம், தம்புரா என்று தூணுக்குத் தூண் பெயர் சொல்வார்கள். கச்சேரி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். கோயிலில் இருப்பவர் உங்களை ஒரு தண்டில் காதை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இன்னொன்றை விரலால் தட்டுவார். கல்லின் குளிர்ச்சி கன்னத்தில் படும், உடனே உள்ளுக்குள் இருந்து உலோகம் போன்ற ஒரு ரீங்காரம் வரும். தள்ளி நின்று கேட்பதைவிட இது பல மடங்கு தெளிவு. சுற்றி நிற்கும் கூட்டம் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். அது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம்.

நானே தட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். நாணயம், சாவி, மோதிரம், கல் எதுவும் வேண்டவே வேண்டாம். பல தலைமுறையாக ஆளாளுக்குத் தட்டியதால் தூண்கள் பட்ட பாடு போதும்.

வேறு எங்கும் இப்படித் தூண்கள் இல்லையா?

இருக்கின்றன. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில், மதுரை மீனாட்சி அம்மன் கோயில், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தில் ஹம்பி விட்டலர் கோயில். நெல்லையப்பர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெரிய அனுமாரைப் பற்றிச் சொல்லுங்கள். திப்பு சுல்தானுக்குப் பயந்து புதைத்து வைத்தார்களாமே?

18 அடி உயரம், ஒரே கல். அசோகவனத்தில் சீதைக்குக் காட்டிய விஸ்வரூபம் என்பார்கள். உடம்பெல்லாம் வெண்ணெய் சாத்தியிருக்கும், கழுத்தில் வடைமாலையோ வெற்றிலை மாலையோ தொங்கும். முகத்தைப் பார்க்க அண்ணாந்துதான் ஆகவேண்டும். இந்தச் சிலை மண்ணுக்குள் கிடந்து, 1930-இல் வெளியே எடுக்கப்பட்டு இப்போதைய இடத்தில் நிறுத்தப்பட்டது.

புதைத்த கதையில்தான் கொஞ்சம் இடிக்கிறது. 1740-இல் திப்பு படையெடுப்புக்குப் பயந்து புதைத்ததாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், வழிகாட்டிகளும் அதையே சொல்கிறார்கள். திப்பு பிறந்ததே 1750-ஐ ஒட்டித்தான். அவர் திருவிதாங்கூர்மேல் படையெடுத்தது 1789-90-இல். அப்போதும் அவருடைய படை ஆலுவாவைத் தாண்டித் தெற்கே வரவில்லை. வேறு ஏதாவது படைக்குப் பயந்து புதைத்திருக்கலாம், அல்லது புதைந்த காரணமே வேறாக இருக்கலாம். சிலையின் அழகுக்கு இந்தக் கதை தேவையில்லை.

வடைமாலைக்குக் கோர்க்கும் வடை நம் வீட்டு உளுந்துவடை மாதிரி மெத்தென்று இருக்காது. தட்டையாக, மிளகு போட்டு, நன்றாக முறுகப் பொரித்தது. பிரசாதமாகக் கையில் கிடைத்தால் உடனே தின்ன வேண்டும் என்றில்லை. பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனாலும் ஒன்றும் ஆகாது.

மார்கழி அமாவாசையும் மூலமும் சேரும் அனுமன் ஜெயந்தி அன்று இங்கே நிற்க இடமிருக்காது. சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அன்று ஒருநாள் தவிர்த்துவிடுங்கள்.

தூணும் அனுமாரும் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிப்பிராகாரம். நீண்டு கிடக்கும் அந்தத் தாழ்வாரத்தின் இருபக்கத் தூண்களிலும் கையில் விளக்கேந்திய பாவையர் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் எல்லோரும் ஒரே அச்சு என்று தோன்றும். பக்கத்தில் போனால்தான் விஷயம் தெரியும். ஒருத்தியின் கொண்டை இடப்பக்கம் சரிந்திருக்கும், அடுத்தவளுடையது உச்சியில் நிற்கும். சேலை மடிப்பும் காதுத் தோடும் ஆளுக்கு ஆள் வேறு. குழந்தைகளோடு வந்தால் இதையே விளையாட்டாக்கிவிடலாம், ஒரே மாதிரி இரண்டு பாவைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.

வசந்த மண்டபத்தில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். மேற்கூரையில் நவகிரகங்களும் பன்னிரண்டு ராசிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற கோயில்களில் நவகிரகத்தைச் சுற்றி வருவோம், இங்கே அதன் அடியில் நிற்கிறோம். பலர் அந்த மண்டபத்தைக் கடந்து போவார்கள், மேலே பார்க்க மாட்டார்கள்.

நந்தியை இங்கே மாக்காளை என்பார்கள். 13 அடி உயரம், 21 அடி நீளம். கல் இல்லை, சுண்ணாம்புச் சாந்தில் செய்தது. வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும்.

ஒரு தூணில் பெண் வடிவப் பிள்ளையார் இருக்கிறார். விக்னேஸ்வரி என்று பெயர். சிறிய சிற்பம்தான், கேட்டுப் போனால் காட்டுவார்கள். சேலை கட்டிய பிள்ளையாரைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை இல்லை.

தலவிருட்சம் கொன்றை. மூலக்கோயிலே கொன்றையடியில் இருந்துதான் தொடங்கியது என்பார்கள், மரத்துக்கு ஈராயிரம் வருஷம் வயது என்பதும் ஊர்ப்பேச்சு. கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு பாறைமேல் கைலாசநாதர் சன்னிதி இருக்கிறது. இந்தக் கோயிலின் மிகப் பழைய பகுதிகளில் அதுவும் ஒன்று. பாறையில் பழங்காலத்துக் கல்வெட்டு எழுத்தும் உண்டு. கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதே அங்கே போக ஒரு காரணம். செண்பகராமன் மண்டபத்துத் தூண்களுக்கும் நேரம் கொடுங்கள்.

கோபுரம் எவ்வளவு பழமையானது?

அடித்தளம் விஜயநகரத் தளபதி விட்டலராயர் காலத்தில், 1545-இல் போடப்பட்டது. மேலே கட்டி முடித்தது 1888-இல். ஏழு நிலை, 134 அடி. இடையில் முந்நூறு வருஷத்துக்குமேல் அரைகுறையாகவே நின்றிருக்கிறது! வீடு கட்டி முடிக்க முடியாமல் புலம்புகிறவர்களுக்கு இங்கே ஆறுதல் கிடைக்கும். கோபுரத்தை முழுதாகப் பார்க்க வாசலில் நிற்காதீர்கள். தெப்பக்குளத்தின் எதிர்க்கரைக்குப் போங்கள், நடுமண்டபமும் கோபுரமும் சேர்ந்து தெரியும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு மலையாள வாடை?

1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதற்கு முன்னால் திருவிதாங்கூர் ராஜ்யம். கோயிலைக் கட்டியதில் பாண்டியர், சோழர், விஜயநகரத்தார், வேணாட்டு அரசர் என்று எல்லோருக்கும் பங்கிருக்கிறது. கோபுரமும் தூணும் தமிழ்நாட்டுப் பாணி, வழிபாட்டு முறையில் கேரளத் தாந்திரீக வழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வெளியூர்க்காரர்கள்தான். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது சொந்த வீட்டு வழக்கம், அவ்வளவே.

இந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும், வேளிமலை குமாரசுவாமியும், பத்மநாபபுரம் சரஸ்வதி தேவியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்து அங்கே மாறிய பிறகு வந்த வழக்கம். மாநில எல்லையில் இரண்டு பக்கத்துப் போலீசாரும் மரியாதை செய்வார்கள். புரட்டாசியில் வந்தால் நங்கை அம்மன் பல்லக்கில் கிளம்புவதைப் பாருங்கள், தெருவே கூடி நின்று வழியனுப்பும்.

கைமுக்கு என்றால் என்ன?

பழைய காலத்து விசாரணை முறை. பெண் விஷயத்தில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிப் பிராமணர்களை இங்கே கொண்டுவந்து, கொதிக்கும் நெய்யில் கையை முக்கி எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா இதை நிறுத்தினார். வழிகாட்டிகள் இந்தக் கதையை மிகுந்த ரசனையோடு சொல்வார்கள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எப்போதுமே உள்ளே போக முடிந்ததா?

இல்லை. கோயிலுக்குள் என்ன, கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதியில் நடக்கவே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அனுமதி கிடையாது. வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து 1926-இல் இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. வைக்கத்தில் பங்கெடுத்த டாக்டர் எம்.இ.நாயுடு முன்னின்று நடத்தினார். 1930-இல் மறுபடியும் போராட்டம். கடைசியில் 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது.

நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோபுர வாசலுக்கு நடந்து வருவீர்களே, அந்தத் தெருவில் நடப்பதற்கே ஆட்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். எந்த டூர் வழிகாட்டியும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தூண்களின் கணக்கோடு சேர்த்து இதையும் சொன்னால் என்ன?

எந்தத் திருவிழாவுக்கு வரலாம்?

மார்கழித் திருவிழாதான் பெரிசு. பத்து நாள், திருவாதிரையில் முடியும். மூன்றாம் நாள் இரவு 'மக்கள்மார் சந்திப்பு'. கோட்டாரில் இருந்து வலம்புரி விநாயகரும், வேளிமலையில் இருந்தும் மருங்கூரில் இருந்தும் முருகனும், அப்பா அம்மாவைப் பார்க்க சுசீந்திரத்துக்கு வருவார்கள். பிள்ளைகள் திருவிழாவுக்கு ஊருக்கு வருவதுதானே முறை.

ஒன்பதாம் நாள் தேரோட்டம். சுவாமிக்கு, அம்மனுக்கு, பிள்ளையாருக்கு என்று மூன்று தேர். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். தேர் நிலைக்கு வந்ததோடு கிளம்பிவிடாதீர்கள். அன்று நள்ளிரவில் சப்தாவர்ணம். பெற்றோரைப் பிரிய மனமில்லாமல் பிள்ளைகள் இருவரும் முன்னே நாலடி போவதும், திரும்ப வருவதுமாக வாகனத்தைத் தூக்குகிறவர்கள் ஆட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாணமாகிப் போகிற மகளை நினைத்தோ, வெளிநாட்டில் இருக்கிற மகனை நினைத்தோ, அந்த நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மாமார்களை நிறையப் பார்க்கலாம். எனக்குத் தேரைவிட இதுதான் பிடிக்கும்.

சித்திரையில் தெப்பம் நடக்கும். அதுவும் அழகு, கூட்டமும் மார்கழி அளவுக்கு இருக்காது.

எந்த மாதம் தவிர்க்க வேண்டும்?

கூட்டம் ஆகாது என்றால் கார்த்திகை முதல் தை நடுப்பகுதி வரை வராதீர்கள். சபரிமலை போய்த் திரும்பும் சாமிமார் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். மழையைப் பொறுத்தவரை, எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. எந்த மாதம் வந்தாலும் குடை ஒன்று பையில் இருக்கட்டும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள்.

படம் எடுக்கலாமா?

கோபுரம், தெப்பக்குளம், ரதவீதி எல்லாம் தாராளமாக எடுங்கள். உள்ளே போனதும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சன்னிதிப் பக்கம் போனைத் தூக்கினால் நாலு பேர் ஒரே நேரத்தில் அதட்டுவார்கள், அதற்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும்?

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?

முதல் தடவை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விக்னேஸ்வரியை நீங்களாகக் கண்டுபிடிக்கப் பாதி நாள் போய்விடும். எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். 'பார்த்துக் கொடுங்க சார்' என்கிறவரிடம்தான் கடைசியில் மனஸ்தாபம் வரும். அர்ச்சனை, அபிஷேகம் எதுவானாலும் தேவஸ்தானக் கவுன்டரில் சீட்டு வாங்கிச் செய்யுங்கள்.

வயதானவர்களைக் கூட்டி வரலாமா?

வரலாம். படி ஏற்றம் அதிகமில்லை, நடைதான் அதிகம். சில இடங்களில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து தரை வழுக்கும், கையைப் பிடித்துக்கொண்டு நடத்துங்கள். திறந்த பிராகாரத்தில் பகல் வெயிலில் கல் கொதிக்கும். மாலை நேரம் இதற்கும் நல்லது.

வேறு மதத்து நண்பர்கள் கூட வருகிறார்கள். உள்ளே விடுவார்களா?

எங்கள் மாவட்டத்தில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும், அதனால் இந்தக் கேள்வி சகஜம். வாசலில் இருக்கும் ஊழியரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், எதுவரை போகலாம் என்று சொல்வார். எப்படியானாலும் கோபுரம், குளம், வீதி, தேர் இவற்றுக்குத் தடையில்லை. தேரோட்டத்தன்று வீதியில் எல்லா மதத்தவரும்தான் நிற்பார்கள்.

பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

சுசீந்திரம் குளத்தையும் தேரூர் குளத்தையும் சேர்த்து 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக அறிவித்தார்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கூழைக்கடா, நாரை, ஆலா என்று பறவைகள் வந்து இறங்கும். காலை வெயில் ஏறும் முன் குளக்கரையில் ஒரு நடை நடந்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். கோயிலோடு சேர்த்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். தேரூர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊரும்.

சிற்பத்தில் ஆசை உள்ளவர்கள் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கல்லில் பார்த்த கைவேலையை அங்கே மரத்தில் பார்க்கலாம். அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. இதைக் கவனிக்காமல் திங்கள் அன்று போய் நிற்பவர்களுக்குக் கணக்கே இல்லை.

சாப்பிட என்ன? வாங்கிப் போக என்ன?

கோயில் பக்கம் டிபன் கடைகள் இருக்கின்றன. நல்ல சாப்பாடு என்றால் நாகர்கோவில் போய்விடுங்கள். அவியல், எரிசேரி, புளிசேரி, கடைசியில் அடைப்பிரதமன் என்று நாஞ்சில் நாட்டு இலைச் சாப்பாடு கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கிப் போக மட்டிப்பழம், எங்கள் ஊர் வாழைப்பழ வகை. விரல் அளவுதான் இருக்கும், வாசனை அறையையே நிறைக்கும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தொட்டில் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் எங்கள் பக்கம் இதுதான். நன்றாகப் பழுத்த சீப்பு இரண்டு நாள்கூடத் தாங்காது, ரயிலில் தூரம் போகிறவர்கள் செங்காயாகப் பார்த்துக் கேளுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரித்ததா என்று மோந்து பார்த்து வாங்குங்கள். முந்திரிக்கொத்து கிடைத்தால் கூடுதலாக ஒரு பாக்கெட். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்தது, ஒரு வாரம் கெடாது.